கணக்கு இலக்கம் மாறிவிட்டதென்று மின்னஞ்சல் வந்தால்...



கடன் கொடுப்பது, கணக்கு எழுதுவது, ஸகாத்துக்கு இருப்பு எடுப்பது போன்ற விடயங்களைத்தான் இந்தப் பகுதியில் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். கணனிப் பாதுகாப்பைப் பற்றி எழுத நான் கணனி படித்தவனல்ல. ஆனால் அண்மையில் எனக்குத் தெரிந்த மூன்று கடைக்காரர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏமாந்துபோய், என்ன செய்யலாம் என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். மூவரும் ஒரு வார்த்தையை மறக்காமல் சொன்னார்கள்: "வெளியில சொல்லிடாதீங்க ஹாஜியார்." நானும் அப்படி வெளியில் சொல்லாமல் வைத்திருந்தவன்தான். இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2018 ஆம் ஆண்டு றமழான் மே மாத நடுப்பகுதியில் வந்தது. நோன்புக்கும் பெருநாளுக்கும் விற்பதற்காக, சீனாவின் ஈவூ நகரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மொத்த வியாபாரியிடம் பிளாஸ்டிக், கண்ணாடிச் சாமான்களுக்கு ஓடர் கொடுத்திருந்தேன். மொத்தம் 26,500 டொலர். வழக்கம்போல 30 வீதம் முற்பணம். சாமான் தயாரானதும் மிகுதி 18,550 டொலரை டீ.டீ. மூலம் அனுப்ப வேண்டும், அதன் பிறகுதான் பீ.எல். கைக்கு வரும். ஏழு வருடமாக இப்படித்தான் எங்கள் கொடுக்கல் வாங்கல் நடந்தது. ஒரு சதம் பிசகியதில்லை.

மார்ச் மாதத்தில், சாமான் தயாராகிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. கம்பனியின் கணக்கு வருடாந்தக் கணக்காய்வில் இருப்பதால் இம்முறை மிகுதிப் பணத்தைத் தங்களுடைய மற்றக் கணக்குக்கு அனுப்பும்படி அதில் கேட்டிருந்தார்கள். கூடவே புதிய இன்வொய்ஸ். அதே கடிதத் தலைப்பு, அதே முத்திரை, அதே கையொப்பம். ஓடர் இலக்கம் சரி, தொகையும் சதம்வரை சரி. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். சீனக் கம்பனிக்குரிய வங்கிக் கணக்கு ஐரோப்பாவில் ஒரு நாட்டில் இருந்தது.

அதை நான் கவனிக்கவில்லை. கடையில் கணக்குப் பார்த்த தம்பி கவனித்தார். "நாநா, பேங்க் வேற நாட்டுல இரிக்கே. வீசெட்டுல ஒரு கோல் எடுத்துக் கேட்டுப் பாப்பமா?" என்றார்.

"ஏழு வருசமாத் தெரிஞ்ச மனுசன் தம்பி. கேட்டா நாங்க சந்தேகப்படுற மாதிரி ஆகிடும். போய் பேங்க் ஃபோமை நிரப்புங்க" என்றேன்.

ஒன்பது நாட்களுக்குப் பிறகு வீசெட்டில் அந்த வியாபாரியே கேட்டார்: மிகுதிப் பணம் எப்போது வரும்? எனக்குக் கைகால் குளிர்ந்துவிட்டது. அன்றைய டொலர் விலைக்கு அது 28 இலட்சம் ரூபாவுக்கு மேல். வங்கிக்கு ஓடினேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர்கள் செய்தி அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து வந்த பதில், அந்தக் கணக்கில் பணம் இல்லை என்பதுதான்.

அதைவிட வெட்கக்கேடானது பிறகு நடந்தது. கணனி அந்தத் தம்பியின் கையில்தானே இருக்கிறது, உள்ளே இருந்தே விடயம் போயிருக்க வேண்டும் என்று நான் அவரைச் சந்தேகப்பட்டேன். சீன வியாபாரியைச் சந்தேகப்படுவது போலத் தெரிந்துவிடும் என்று ஒரு கோல் எடுக்கத் தயங்கிய அதே மனிதன், எச்சரித்த பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தி விசாரித்தேன். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

கணனி திருத்தும் என் சாச்சாவின் மகன் வந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. என்னுடைய மின்னஞ்சலின் செட்டிங்ஸுக்குள் நான் போடாத ஒரு கட்டளை இருந்தது. 'இன்வொய்ஸ்', 'பேமன்ட்' என்ற சொற்கள் உள்ள கடிதமெல்லாம் யாரோ ஒருவருடைய முகவரிக்கு ஒரு பிரதி போகும்படி போடப்பட்டிருந்தது. சீன வியாபாரியின் உண்மையான கடிதங்கள் நான் திறந்தே பார்க்காத ஒரு ஃபோல்டருக்குள் போய் விழுந்திருந்தன. திருடன் மாதக்கணக்கில் என் கடிதங்களை வாசித்துக்கொண்டு, மிகுதிப் பணம் கட்டும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறான். போலிக் கடிதம் வந்த முகவரியையும் காட்டினார். ஆங்கிலத்தில் 'எம்' எழுத்து வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

உள்ளே வந்த வழியும் என்னுடையதுதான். சில மாதங்களுக்கு முன், கூரியர் பொதி ஒன்று வந்திருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை அழுத்தியதும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்டது, நானும் அடித்துக் கொடுத்தேன். கடவுச்சொல்லோ கடையின் தொலைபேசி இலக்கம். பேஸ்புக்குக்கும் அதுதான், வங்கிக்கும் அதுதான்.

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் அவருடைய வாப்பாவின் முன்னால் மஆப் கேட்டேன். மன்னித்துவிட்டார். திரும்பி வேலைக்கு வரவில்லை.

இன்னொரு கணக்கும் தீர்க்க வேண்டியிருந்தது. அந்த ஓடரில் பாதிப் பணம் என்னுடையதல்ல. கணவரை இழந்த ஓர் உறவுக்காரப் பெண் முழாரபா அடிப்படையில் தந்த பணம். வியாபாரத்தில் நட்டம் வந்தால் அது முதலீட்டாளரைச் சேரும் என்பது நாமெல்லாம் அறிந்த சட்டம். ஆகவே நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் மனம் சொன்னது. ஓர் ஆலிமிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "விசாரிச்சுப் பாக்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா?" சொன்னார்கள் என்றேன். அப்படியானால் இது சந்தை கொடுத்த நட்டமல்ல, பணத்தை நிர்வகித்தவரின் கவனயீனம், கவனயீனத்துக்கு நிர்வகித்தவரே பொறுப்பு என்றார். அந்தப் பெண்ணின் பங்கைக் கட்டி முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பிறருடைய பணத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் நம்மில் ஏராளம். கடவுச்சொல்லும் அமானிதத்தில் ஒரு பகுதி என்று அன்றுவரை நான் நினைத்ததேயில்லை.

'சந்தேகப்படுவது போலாகிவிடும்' என்ற என்னுடைய அந்தத் தயக்கத்தைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். நம்முடைய வியாபாரம் முகத்தையும் வாக்கையும் நம்பி நடப்பது. அது நல்ல குணம். ஆனால் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12 ஆவது வசனம் வீண் சந்தேகத்தைத் தடுக்கிறது என்றால், அதே ஸூராவின் 6 ஆவது வசனம் நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஏவுகிறது. விசாரிக்காமல் நடந்து அப்பாவிகளுக்குத் தீங்கு செய்து, பிறகு வருந்த நேரிடும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. ஆளைச் சந்தேகிப்பது வேறு, செய்தியை உறுதிப்படுத்துவது வேறு. நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன்.

இது படிக்காதவர்களுக்கு மட்டும் வரும் நட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். லித்துவேனியா நாட்டு ஆசாமி ஒருவர், தைவானின் பிரபல கணனி உற்பத்தி நிறுவனம் ஒன்றின் பெயரில் போலி இன்வொய்ஸ்களை அனுப்பி, 2013 முதல் 2015 வரை கூகுள், பேஸ்புக் ஆகிய இரண்டு கம்பனிகளிடமிருந்தும் 100 மில்லியன் டொலருக்கு மேல் கறந்தார். 2019 இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறை விதித்தது. மின்னஞ்சலை விற்கிற கூகுளே ஏமாந்த இடம் இது! அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்த வகை மோசடி பற்றி 21,489 முறைப்பாடுகள் வந்தன. இழப்பு 2.9 பில்லியன் டொலர்.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒன்றும் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறக்குறைய 951 மில்லியன் டொலரை எடுக்க 35 கட்டளைகளை அனுப்பினார்கள். பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியனில் பெரும்பகுதி மறைந்துபோனது. இலங்கைக்கு அனுப்பிய 20 மில்லியன் தப்பியது. எப்படி? பெறுநரின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை 'ஃபண்டேஷன்' என்று பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த வங்கியில் யாரோ அதைக் கண்டு கேள்வி கேட்டார்கள். 20 மில்லியன் டொலரைக் காப்பாற்றியது ஓர் எழுத்துப் பிழையைப் பொருட்படுத்திய ஒரு மனிதர். என் கடையிலும் அப்படி ஒருவர் இருந்தார்.

நாளைத் தெரிவு செய்ததிலும் அவர்களுடைய கெட்டித்தனம் இருந்தது. வெள்ளிக்கிழமை பங்களாதேஷில் விடுமுறை, சனி ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை, திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு என்பதால் பிலிப்பைன்ஸில் விடுமுறை. நமக்கும் அப்படித்தான். ஜும்ஆவுக்குக் கடை மூடுகிற அவசரத்திலும், பெருநாளுக்கு முந்திய நெருக்கடியிலும் வருகிற 'உடனே அனுப்புங்கள்' என்ற கடிதத்தை இரண்டு தடவை பாருங்கள்.

இப்போது என் கடையில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். வங்கிக் கணக்கு மாறினால் நாங்களே கோல் எடுத்துக் கேட்போம். அந்தக் கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அல்ல, எங்களிடம் பழைய விசிட்டிங் கார்டில் இருக்கும் இலக்கத்துக்கு. அவர்கள் எடுக்கிற கோலை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. குரலையும் முகத்தையும்கூட இப்போது கணனியால் செய்துவிடுகிறார்கள். 2024 இல் வெளியான செய்தி ஒன்றின்படி, ஹொங்கொங்கில் ஒரு பெரிய கம்பனியின் ஊழியர் வீடியோ கூட்டம் ஒன்றில் தன் மேலதிகாரிகளைக் கண்டதாக நம்பி 200 மில்லியன் ஹொங்கொங் டொலரை அனுப்பினார். அவர் கண்ட முகங்கள் எல்லாம் போலி. ஆகவே கோல் நம்முடைய பக்கமிருந்து, நமக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கத்துக்குப் போக வேண்டும். அத்தோடு, வங்கி விபரம் மின்னஞ்சலில் மாற்றப்படமாட்டாது என்று ஓடர் கொடுக்கும்போதே இரு பக்கமும் எழுதிக்கொள்கிறோம். இரண்டு பேர் பார்த்துக் கையொப்பமிடாமல் டீ.டீ. ஃபோம் கடையை விட்டுப் போகாது. அதில் ஒருவர் வயதில் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் 'வேணாம்' என்றால் அன்றைக்கு அனுப்புவதில்லை.

மின்னஞ்சலுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டிருக்கிறோம். கடவுச்சொல் தெரிந்தாலும் என் கைத்தொலைபேசியில் வரும் குறியீடு இல்லாமல் புதிய கணனியில் திறக்க முடியாது. ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் எல்லாவற்றிலும் இந்த வசதி இலவசமாக இருக்கிறது, போடுவதற்குப் பத்து நிமிடம்கூடப் போகாது. மாதத்துக்கு ஒருமுறை அந்த செட்டிங்ஸைத் திறந்து, கடிதங்கள் வேறு எங்காவது போகின்றனவா என்று பார்க்கிறோம். கடவுச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு. நீளமானவை. நினைவில் நிற்காது என்பதால் ஒரு கொப்பியில் எழுதிப் பணப் பெட்டகத்துக்குள் வைத்திருக்கிறேன். கணனி தெரிந்தவர்கள் சிலர் எழுதவே கூடாது என்பார்கள். என் அபிப்பிராயம் வேறு. சீனாவிலோ நைஜீரியாவிலோ இருக்கிற திருடனால் என் பெட்டகத்தைத் திறக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைவிடக் கொப்பி எவ்வளவோ மேல்.

இறக்குமதி செய்யாத சகோதரர்கள், இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது. தெரிந்தவரின் பெயரிலேயே ஒரு செய்தி வரும்: "தவறுதலாக ஒரு கோட் உங்களுக்கு வந்திட்டு, அதை அனுப்புங்க." அந்த ஆறு இலக்கத்தை அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். அரை மணித்தியாலத்துக்குள் உங்கள் மச்சானுக்கும் மாமாவுக்கும் வாடிக்கையாளர்களுக்கும், "அவசரமா ஒரு இலட்சம் வேணும், நாளைக்குத் தாறேன்" என்று உங்கள் பெயரில் செய்தி போகும். நம்மவர்கள் கேட்டவுடன் கொடுக்கிறவர்கள், அதுதான் அவனுக்கு வசதி. வட்ஸ்அப் செட்டிங்ஸில் 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' என்று ஒன்று இருக்கிறது. அதில் நீங்களே ஓர் ஆறு இலக்கப் பின் போட்டுக்கொண்டால் அந்தக் குறியீடு மட்டும் அவனுக்குப் போதாது. ஏற்கெனவே பறிபோயிருந்தால், உங்கள் தொலைபேசியில் உங்கள் இலக்கத்தையே மீண்டும் பதிந்து, எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் குறியீட்டைப் போடுங்கள். அவன் வெளியே தள்ளப்படுவான். அவன் ஒரு பின் போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க நேரலாம், ஆனாலும் அவனால் பாவிக்க முடியாது.

சில்லறைக் கடைகளில் இப்போது அதிகம் நடப்பது போலி ஸ்லிப். வாடிக்கையாளர் கவுன்டரில் நின்று, "பணம் போட்டாச்சு" என்று தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார். அந்தப் படத்தைத் தயாரிக்க ஒரு பாடசாலைப் பிள்ளைக்குப் போதுமான அறிவு போதும். வங்கியின் பெயரில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸையும் போலியாக அனுப்புகிறார்கள். உங்கள் வங்கியின் செயலியைத் திறந்து கணக்கில் வரவு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. வங்கிகளுக்கிடையிலான சீஃப்ட்ஸ் பரிமாற்றம் பெரும்பாலும் உடனுக்குடன் வந்துவிடுகிறது. வராவிட்டால் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள், நேர்மையானவர் கோபிக்கமாட்டார். கியூ.ஆர். வைத்திருப்பவர்கள் காலையில் கடை திறக்கும்போது அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து அபாயா, கேக் விற்கும் நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பணம் அனுப்புகிறவருக்குத் தேவையானது உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் மட்டும். பணம் பெறுவதற்கு ஓ.டீ.பி. எதுவும் தேவையில்லை. கார்டின் பின்பக்க மூன்று இலக்கமும் தேவையில்லை. அதைக் கேட்கிறவர் எவ்வளவு மரியாதையாக ஸலாம் சொல்லிப் பேசினாலும், அவர் பணம் அனுப்ப வந்தவரல்ல.

கணக்குகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் வைரஸ் பற்றி விரிவாக எழுத இடமில்லை. 2017 மே மாதம் 'வன்னாக்ரை' என்ற ஒன்று சுமார் 150 நாடுகளில் கணனிகளைப் பூட்டியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். நம் கடைகளில் ஓடும் களவு வின்டோஸுக்கு அந்தத் திருத்தங்கள் ஒழுங்காக வருவதில்லை என்பதோடு, அது பிறர் உழைப்பைக் களவாகப் பாவிப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். 2023 இல் நம் அரசாங்கத்தின் மின்னஞ்சல்களே இப்படித் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் பிரதி இல்லாமல் அழிந்துபோயின. கடன் லெட்ஜர் கணனியில் இருந்தால் கிழமைக்கு ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கழற்றாமல் விட்டால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால்? நான் ஒன்பது நாள் கழித்து ஓடினேன். ஒரே நாளில் தெரிந்து ஓடியவர்கள் சிலருக்குப் பணம் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே முதலில் வங்கிக்கு, அதுவும் தொலைபேசியில், பிறகு எழுத்தில். பணத்தை நிறுத்தும்படியும் பெற்ற வங்கிக்குச் செய்தி அனுப்பும்படியும் கேளுங்கள். பிறகு பொலிஸ் முறைப்பாடு. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணனிக் குற்றங்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் இவற்றுக்காகவே வந்தது. ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்தை அழைக்கலாம். வெட்கத்திலும் ஆத்திரத்திலும் அந்தப் போலி மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். நான் அழித்துவிட்டேன். பிறகு அந்தத் தம்பிதான், வேலையை விட்டுப்போன பிறகும், தான் எடுத்து வைத்திருந்த அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து கடையில் கொடுத்துவிட்டுப் போனார்.

காசோலை மோசடிகளைப் பற்றிக் கேட்டு எழுதிய வாசகர்களுக்கு, இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்.